மாடிப்படி ஏறிய தண்டல்

பாக்குத் தூசி படிந்த வெறுங்காலோடு தண்டல் மாடிப்படி ஏறிய காலைப்பொழுது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பினாங்குத் துறைமுகத்தை அடுத்த சரக்குக் கிட்டங்கியில் பாக்கு மூட்டை தூக்கும் பதினெட்டுப் பேருக்கு அவர்தான் தலைவர். நான் சாவிக்காரன். மாடியில் கணக்கெழுதும் பெரிய கிராணியார், உள்ளறையில் துரை.

அந்தக் கம்பெனியில் பேச்சுக்கும் வரிசை உண்டு. தண்டல் என்னிடம் சொல்ல வேண்டும், நான் கிராணியாரிடம், கிராணியார் துரையிடம். தண்டல் மாடி ஏறக்கூடாது. மேலிருந்து வரும் கட்டளை வெற்றிலை மெல்லும் நேரத்தில் கீழே வந்துவிடும். கீழே இருப்பவன் உயிருக்கு ஆபத்து என்ற சேதி மேலே போக எத்தனை நாள் ஆகும் என்று எவரும் கேட்டதில்லை.

மூட்டை ஏற்றும் கப்பியின் வடம் நைந்து, புரி பிரிந்திருந்தது. அதன் கீழேதான் ஆட்கள் நிற்பார்கள். தண்டல் என்னிடம் சொன்னார். நான் கிராணியாரிடம் சொன்னேன்.

"வடத்தப் பத்தி நீ எனக்குப் பாடம் நடத்துறியா? போய் சாவியப் பாரு லா."

நான் கூச்சக்காரன், நாலாம் வகுப்போடு நின்றவன் வேறு. மறுபடி போகவில்லை. தண்டல் கேட்டபோதெல்லாம், "இன்னிக்கும் சொல்லிட்டேண்ணே" என்று பொய் சொன்னேன்.

"நீ சொன்னது துரை காதுக்குப் போறதுக்குள்ள மூட்டை என் தலைக்கு வந்துரும் தம்பி," என்று சிரித்தார்.

இன்னொரு புரியும் அறுந்த அன்று அவர் நேரே மாடி ஏறி, தமக்குத் தெரிந்த மலாயில் துரையிடமே சொல்லிவிட்டார். நானும் பின்னாலேயே ஓடினேன். ஏன் முன்பே தெரிவிக்கவில்லை என்று துரை கேட்க, "எங்கிட்ட யாரும் சொல்லல," என்று சொல்லிவிட்டுக் கிராணியார் என்னைப் பார்த்தார். நான் தலை குனிந்தேன்.

அன்று மத்தியானமே புது வடம் வந்தது. மறுநாள் தண்டலுக்கு வேலை போனது. அவர் சொன்னது தவறென்று எவரும் சொல்லவில்லை. வரிசையை மீறினாராம்! ஆள் நசுங்கினாலும் வரிசை கலையக்கூடாதாம். அதற்குப் பெயர் நிர்வாகமாம்.

அந்தக் கட்டளையும் வரிசையாகத்தான் இறங்கியது. துரை கிராணியாரிடம் சொன்னார், கிராணியார் என்னிடம், நான் தண்டலிடம். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இத மட்டும் ஒடனே வந்து சொல்லிட்டியே தம்பி."

போன மாதம் கிராணியார் ஓய்வு பெற்றார். ஆட்களின் உயிர் காக்க ஒரே நாளில் வடம் மாற்றிய புண்ணியவான் என்று புகழ்ந்து, மாலை போட்டார்கள். நானும் கை தட்டினேன்.