பேர் சொல்லாத வேர்

மருந்து வேர் விற்பவனிடம் யாரும் சிரித்த முகத்தோடு வருவதில்லை. வலியோடு வருவார்கள், அதோடு பேரமும் பேசுவார்கள்.

இந்தத் தொழிலுக்கு நான் வந்தது தேயிலைத் தோட்ட நிர்வாகத்தின் தயவால். தொழிற்சங்கம் பேசினேன் என்று முதலில் கொழுந்து வெட்டும் கத்தரியைப் பறித்தார்கள். அடுத்து லயத்து வீட்டை. கடைசியாக, தோட்டத்துக் கோயில் மைக்கில் உபயக்காரர்களை வாசித்தபோது, செங்கோடன் என்ற என் பேரை மட்டும் ஆள் கணக்கு எழுதும் கிராணி தாண்டிப் போனார். முதல் இரண்டுக்கும் துண்டறிக்கை அடித்தேன். மூன்றாவதற்கு எதை அடிப்பது? அதன்பின் அந்தத் தோட்டத்தில் என் பேரை யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. ஒருமுறையாவது கேட்க ஆசையாக இருந்தது.

கடை அட்டை

லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் தண்ணீர் கசியும் வரப்போரம் வசம்பு வளர்க்கிறேன். பிரிஞ்சாங் பசார் மாலாமில், அதுதான் இரவுச் சந்தையில், கடை. வேர் விற்கும் தோழர்களே, நம் அவஸ்தை உங்களுக்குத் தெரியும். விளக்கு வைத்த பிறகு நம் சனம் வசம்பைப் பேர் சொல்லிக் கேட்காது. சொன்னால் மருந்து பலிக்காதாம். என் கடையோ விளக்கு வைக்கும் நேரத்தில்தான் திறக்கும். பகுத்தறிவுப் பிரசுரம் படித்தவன் விடுவேனா? 'பேர் சொன்னால்தான் வேர்' என்று அட்டை தொங்கவிட்டேன்.

மலாய்க்காரப் பெண்கள் "ஜெராங்காவ்" என்று தங்கள் மொழியில் பளிச்சென்று கேட்டு வாங்கினார்கள். நம்மவர்கள் அட்டையைப் படித்துவிட்டு எதிர்க்கடையில் சோளம் வாங்கினார்கள். சோளக்காரர் சொன்னார்: "அட்டைய எடுத்துடாதீங்க லா அண்ணே, எனக்கு நல்ல யாவாரம்."

அழுத பிள்ளை

மணியம் என் பழைய தோட்டத்து லோரி டிரைவர். ஒரு சாயங்காலம் மழையில் நனைந்து வந்தான். பிறந்த பிள்ளைக்கு வயிறு உப்பி, ஓயாத அழுகை.

"அந்தப் பேர் சொல்லாதது வேணும்ணே."

"பேரச் சொல்லுடா, தர்றேன்."

"சொல்லி, பலிக்காமப் போச்சுன்னா? பிள்ள கத்திக்கிட்டு கெடக்குண்ணே!"

"மூடநம்பிக்கை!" என்றேன், மேடையில் நிற்பதுபோல.

மணியம் முகத்து மழையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "லயத்துல ஒங்க பேரையுந்தான் யாரும் வெளிய சொல்றதில்ல. அதுக்காக ஒங்கள மறந்துட்டோம்னா நெனச்சீங்க?"

கிராணியின் தொண்டை

அப்போதே அட்டையைக் கழற்றினேன். வேரைச் சுட்டுக் கரியாக்கி, விளக்கெண்ணெயில் குழைத்துத் தொப்புளைச் சுற்றிப் பூசச் சொல்லி, கையில் கட்டக் கறுப்புக் கயிற்றில் வசம்புத் துண்டுகள் கோத்தும் கொடுத்தேன். பிள்ளை தூங்கியது என்று மறுநாள் சேதி வந்தது. சங்கத்தில் எந்தத் தீர்மானம் நிறைவேறியபோதும் நான் அவ்வளவு மகிழ்ந்ததில்லை.

அடுத்த வாரம் கிராணியே வந்து நின்றார். காலைப் பெரட்டில் வேலைக்கு நிற்கும் ஆள்களைப் பேர் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியிருந்தது. விரலால் வேரைக் காட்டினார், பிறகு தொண்டையை. அட்டை இருந்திருந்தால் என்ன செய்திருப்பாரோ! நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து, வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னேன். "கொரல் வந்ததும் மொதல்ல யாரத் திட்டுவீங்க?" என்றேன்.

காற்றாக வந்தது பதில்: "ஒன்னத்தான்."

முப்பதாம் நாள்

பிள்ளைக்குப் பேர் வைக்க மணியம் என்னைக் கோயிலுக்கு அழைத்தான். தகப்பன், கோயில் தலைவர் காதில் பேரைச் சொல்வதும், தலைவர் அதை மைக்கில் சொல்வதும் எங்கள் தோட்டத்து வழக்கம். தலைவர் நம் கிராணிதான். மணியம் குனிந்து காதில் சொன்னான். கிராணி தாயைப் பார்த்தார், கடைசி வரிசையில் நின்ற என்னைப் பார்த்தார், இருமினார். மணியம் விடவில்லை: "சத்தமாச் சொல்லுங்க கிராணி, தொண்டதான் சரியாயிடுச்சே!"

எத்தனையோ கோஷம் போட்டும் மீட்க முடியாத என் பேரை, முன்னால் நவீனமாக 'ஷ்' வைத்த பேர் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும், சேற்றில் விளைந்த ஒரு வேர் சனமெல்லாம் கேட்க அந்த மைக்கிலேயே வாங்கித் தந்தது: "கவிஷ் செங்கோடன்!"