துவக்குக் கட்டையில் பூட்டிய லென்ஸ்

ஹட்டன் கடைத்தெருவில் பழைய சாமான் விற்ற முஸ்லிம் நானா, மேசையில் ஒரு கைலிச் சாரத்தை விரித்து அதன்மேல் இரண்டு காமிரா லென்ஸ்களை வைத்தார். சீமைக்குக் கப்பலேறிய துரை ஒருவர் விற்றுவிட்டுப் போனவை. ஒன்று கட்டையானது, பளிச்சென்ற கண்ணாடி, விலையும் கூடியது. மற்றது முழங்கை நீளம், நல்ல கனம், ஆனால் மலிவு. என் மச்சான் நீளமானதைக் கையில் எடுத்தார். "ஐயா, அது இருட்டுக் கண்ணு. பளீர்னு வெயில் அடிச்சாத்தான் படம் விழும். நம்ம மலையில ஏது வெயில்? சின்னத எடுங்க," என்றார் நானா. விலை கூடியதைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று மச்சான் நினைத்துக்கொண்டார். வியாபாரி அன்றைக்கென்று உண்மையைச் சொல்லித் தொலைத்திருந்தார்.

மச்சான் என்பவர் என் அக்காவின் கணவர். நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் டீமேக்கர், ஆலையில் தேயிலைப் பக்குவம் பார்ப்பவர். நான் அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. கொழுந்து வாடுவதற்கும் புளிப்பதற்கும் காவல் இருந்துவிட்டு, தூங்க வேண்டிய நேரத்தில் குருவி பார்க்கப் போகிற மனுஷன் அவர். காதோரம் மஞ்சள் முடி வைத்த ஒரு கொண்டைக்குருவி அவரைப் பைத்தியமாக அடித்திருந்தது. "கிட்டப் போனா பறந்துருது, மாப்புள. எட்ட நின்னு பிடிக்கணும்னா நீளந்தான் வேணும்." புது லென்ஸ் டீமேக்கர் சம்பளத்துக்கு எட்டாது. ஆகவே அந்த இருட்டுக் கண் வீட்டுக்கு வந்தது.

அந்தக் கனத்தில் கை நடுங்கியது, படமெல்லாம் கலங்கியது. தோளில் முட்டுக் கொடுத்துப் பிடிக்க, தோட்டத்து ஆசாரியிடம் துவக்குக் கட்டை மாதிரி, அதாவது துப்பாக்கியின் பின்கட்டை மாதிரி, ஒன்று செய்து வாங்கினார். எதற்கென்று சொல்லவில்லை. டீமேக்கர் குருவிக்குப் பின்னால் திரிவது தோட்டத்தை நடத்தும் துரை காதுக்குப் போகக்கூடாது என்ற பயம். ஆசாரியோ, ஐயா துவக்குக்குக் கட்டை செய்கிறார் என்று தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுக்கச் சொல்லிவிட்டார். வேறு காலமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். அப்போது தோட்டத்தில் வேலைநிறுத்தம். பக்கத்துத் தோட்டத்தில் துரைக்கு அடுத்த அதிகாரியான சின்னத்துரை துவக்கால் சுட்டு, தேயிலைச் செடியைக் கழித்துக் கவ்வாத்து வெட்டுகிற ஒருவன் செத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை.

அன்று காலை அபூர்வமாக வெயில் அடித்தது. அந்த லென்ஸுக்கு வெயில்தான் உயிர். மச்சான் நிழலில் பதுங்க முடியாமல், லயத்துக்கு மேலே வெட்டவெளி மேட்டில் நின்று, கட்டையைத் தோளில் வைத்துக் குறி பார்த்தார். குருவி லயத்துக் கோடியில் நின்ற முள்முருங்கையில் இருந்தது. கீழே இருந்தவர்களுக்குக் குருவியா தெரியும்? "டீமேக்கரு தொவக்க நீட்டுறாருடோய்!" என்று ஒரு குரல். முதல் கல் அவர் முழங்காலில் விழுந்தது. பிறகு கவ்வாத்துக் கத்திப் பிடியும் விறகுக் கட்டையும். சத்தம் கேட்டு நான் ஓடிப்போனபோது அவர் தேயிலைச் செடிகளுக்கு நடுவே சுருண்டு கிடந்தார். "லென்ஸுப்பா, லென்ஸு!" என்றுதான் கத்திக்கொண்டிருந்தார். யாருக்குப் புரியும்? கையை முகத்துக்குக் கொடுத்திருந்தால் கண் தப்பியிருக்கும். இரண்டு கையும் லென்ஸைப் பொத்தியிருந்தன. வலது கண் நசுங்கிவிட்டது. லென்ஸில் ஒரு கீறல் கிடையாது.

அடித்தவர்கள் மேல் எனக்கு அன்று வந்த கோபம் பிறகு நிலைக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் செத்தவன் அவர்கள் சனத்துப் பிள்ளை. மச்சான் மேல் வந்த கோபம்தான் இன்னும் ஆறவில்லை. இப்போது நுவரெலியாவில் வெளிநாட்டுக்காரர்கள் வாழைத்தண்டு நீளத்துக்கு லென்ஸைத் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள், பிள்ளைகள் அவர்களைப் பார்த்துக் கையாட்டுகின்றன.

கட்டுப் போட்ட முகத்தோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர், செருப்பைக் கழற்றுமுன் கேட்ட முதல் கேள்வி, "லென்ஸ் எங்க?" அக்கா கொல்லைப்புறத்தைக் காட்டினாள். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே அதை அம்மியில் வைத்துக் குழவியால் நொறுக்கியிருந்தாள். கண்ணாடித் தூள் அப்படியே கிடந்தது. கண் போனதற்கு அழாத மனுஷன் வீடு அதிரக் கத்தினார். கையை ஓங்கிக்கொண்டு உள்ளே வந்தார். நான் எழுவதற்குள் அக்கா அவர் முன்னால் போய் நின்றுவிட்டாள்.

"அடிங்க. தோட்டமே ஒங்கள அடிச்சிருச்சு. நீங்க என்னய அடிங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளைத் தொட்டு அடித்ததில்லை. அன்று அடித்தார். முழு வேகத்தில் வீசிய கை அவள் முகத்துக்கு ஒரு சாண் முன்னாலேயே வெறுங்காற்றில் போய், கதவு நிலையில் மோதியது. அக்கா இம்மியும் விலகியிருக்கவில்லை. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. விரல் முட்டியில் ரத்தம் வழிய, அவர் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மறுபடி நீட்டினார். இந்த முறை மெதுவாக, அவள் கன்னம் எங்கே இருக்கிறதென்று தேடிக்கொண்டு.

அக்கா அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தன் கன்னத்தில் வைத்தாள். "இங்கனதான் இருக்கேன்," என்றாள். "இப்ப அடிங்க."