கப்பல் நின்ற இடத்தில் புல்

லாரன்ஸ் அண்ணாச்சி போய்விட்டார் என்று அவர் மனைவி ஆலந்தலையிலிருந்து போனில் சொன்னபோது எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அவருக்கு முன்னே சாகவேண்டிய ஒருவர் இன்னும் சௌக்கியமாக இருக்கிறார்.

தூத்துக்குடியில் மாலுமிகளுக்குப் பாடம் நடத்திய எங்களில் யாருக்கும் அவருடைய எரிமலை வகுப்பு மறக்காது. கோலி சோடாவை நன்றாகக் குலுக்கி உடைப்பார். சட்டை நனைந்தபடியே சொல்வார்: "பாத்தியளா? உள்ள பாறைக்குழம்பு கெட்டியா இருந்தா வாயு வெளிய போவ வழியில்ல. அமுங்கிக் கெடந்து, ஒருநாள் மலையையே ஒடச்சிட்டு வரும்."

அதைக் கண்ணால் பார்த்தவர் அவர். பாடம் நடத்த வருமுன், இந்தோனேசியத் தீவொன்றில் சரக்கேற்றிய கப்பலில் அவர் அதிகாரி. தம்பி அமலன் மாலுமி. மலை புகைந்தது, தரை அதிர்ந்தது. கிளம்பிவிடலாம் என்று கேப்டனிடம் கெஞ்சினார். சரக்கு முடியட்டும் என்ற கேப்டன், வேலையை விரைவுபடுத்த அமலனைக் கரைக்கு அனுப்பினார்.

மலை வெடித்தது. வானுயர எழுந்த சாம்பல் தூண் தன் பாரம் தாங்காமல் சரிந்து, கொதிக்கும் மேகமாகச் சரிவில் பாய்ந்திறங்கியது. அப்போதுதான் கேப்டன் கயிறுகளை வெட்டச் சொன்னார். அமலன் கப்பலை நோக்கி ஓடிவந்துகொண்டிருந்தான்.

விசாரணையில், அமலன் அனுமதியின்றி இறங்கியதாகக் கேப்டன் சொன்னார். அதையே நம்பினார்கள்.

பிறகு தம்பியின் உடலைத் தேடி அண்ணாச்சி அந்தத் தீவுக்குப் போனார். மலையின் உச்சி இல்லை, அங்கே பெரும்பள்ளம். பள்ளத்தாக்கு சாம்பலாலும் கல்லாலும் நிரம்பி, ஆறு வேறு வழி போயிருந்தது. துறை இருந்த கடல் தூர்ந்து நிலமாகியிருந்தது. திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "கப்பல் நின்ன எடத்துல புல்லு மொளச்சிருக்குலே. தம்பிய எங்கன போய்த் தோண்ட?"

அதிலிருந்து ஒவ்வொரு வகுப்பையும் கேப்டனின் பெயரைச் சொல்லித்தான் முடித்தார். அந்தப் பெயர் கப்பல் கப்பலாகப் பரவியது. பொறுக்க முடியாமல் கேப்டனே ஒருமுறை தேடி வந்து, மன்னித்துவிடச் சொன்னார்.

"எந்தம்பிகிட்ட போய்க் கேளும். அவன் கெடக்குத எடம் தெரிஞ்சா எனக்கும் சொல்லும்" என்றார் அண்ணாச்சி.

அடக்கத்தன்று அந்தக் கேப்டன் பெயரில் மலர்வளையம் வந்தது. அனுப்பியது யாரென்று அண்ணாச்சியின் மனைவியிடம் சொன்னேன்.

"கடல்ல போட்டுரட்டுமா மைனி?"

"கடல் என்ன பாவம் செஞ்சிச்சு? குப்பையில போடுங்க" என்றார். போட்டேன். மனம் குளிர்ந்தது.

அவருடைய வகுப்பு இனி எனக்கு. அண்ணாச்சியிடமிருந்து அவர் பகையை எடுத்துக்கொண்டேன். கேப்டன் உயிரோடிருக்கும்வரை அந்தப் பெயரைச் சொல்வேன். செத்த பிறகும் சொல்வேன்.