விலக்கிவிடுபவர்களுக்கு ஒரு வகுப்பு

1

ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறும்போது போன் வந்தது. பொன்மலைப் பக்கம் ஒரு பள்ளியில் பிளஸ் ஒன் பையன்கள் இருவர் மோதிக்கொண்டதில் அவர்களில் ஒருவனான சரணுக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டதாம். அந்த வகுப்புக்கு ஆறு வாரம் வன்முறைத் தடுப்புப் பயிற்சி கொடுத்தவள் நான்தான். முடித்துப் பத்து நாள்கூட ஆகவில்லை. வெட்கமாக இருந்தது.

நான் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது, அடித்த பிரவீனுக்கு டி.சி. கொடுத்து அனுப்ப ஹெச்.எம். தயாராக இருந்தார். வருஷத்தின் நடுவில் அடிதடிக்காக டி.சி. வாங்கியவனை எந்தப் பள்ளி சேர்க்கும்? அவன் அம்மா வெளியே பெஞ்சில் அழுதுகொண்டிருந்தார். நான் ஒரு நாள் அவகாசம் கேட்டேன்.

"உங்க கிளாஸ்ல உக்காந்தவன்தானே மேடம் அவன்?" என்றார் ஹெச்.எம். ஆனாலும் ஒரு நாள் கொடுத்தார்.

2

வகுப்பில் போய் என்ன நடந்தது என்று கேட்டேன். இருவருக்கும் நண்பனான அன்வர் எழுந்தான்.

"நாங்க புடிச்சுக்குவோம்னு நெனச்சுதான் மிஸ் ரெண்டு பேரும் பாஞ்சாங்க. நீங்கதான் யாரும் கிட்ட போகாதீங்க, டீச்சரைக் கூப்பிடுங்கன்னு சொன்னீங்க. நாங்க ஸ்டாஃப் ரூமுக்கு ஓடிட்டோம்."

எங்கோ யாரோ எழுதிய பயிற்சி மாட்யூலை வரி பிசகாமல் நடத்தியிருந்தேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேர் முறைத்துக்கொண்டால் நாலு பேர் இடுப்பைப் பிடித்துக்கொள்வதை நான் பார்க்காதவளா? "விடுங்கய்யா என்னை" என்று திமிறுகிறவருக்கே தெரியும், விடமாட்டார்கள் என்று. அவர் மானம் போகாமல் வீடு திரும்புவது அவர்களால்தான். அந்த நாலு பேரைத்தான் நான் ஸ்டாஃப் ரூமுக்கு விரட்டியிருந்தேன்.

3

ஹெச்.எம்மிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "தப்பு என் பாடத்துல சார். அவனுக்கு டி.சி. கொடுக்கறதுன்னா முதல்ல என்னை அனுப்புங்க."

அவர் இரண்டு வார சஸ்பென்ஷனோடு விட்டார். திரும்பி வந்து சரணுக்கு பிரவீன்தான் நோட்ஸ் எழுதித்தர வேண்டும். இன்னொரு முறை கை ஓங்கினால் அன்றே டி.சி.

மறுவாரமே புது வகுப்பு ஆரம்பித்தேன். பிடிக்கிறவர்களுக்கான வகுப்பு. உன் நண்பனைப் பிடி. எதிராளியைப் பிடித்தால் கூட்டுச் சேர்ந்து அடிப்பதுபோல ஆகிவிடும். பின்னாலிருந்து இடுப்பைப் பிடி, நியாயம் பேசாதே, குழாயடிக்குத் தள்ளிக்கொண்டு போ. கையில் ஆயுதம் இருந்தால் மட்டும் நெருங்காமல் பெரியவர்களைக் கூப்பிடு. சண்டை மாஸ்டர் வந்தாச்சு என்று ஆசிரியர்கள் கிண்டலடித்தார்கள். அடிக்கட்டும் என்று விட்டேன்.

முழுப் பரீட்சைக்கு முன்பு ஒரு நாள் மதியம், சைக்கிள் ஸ்டாண்டில் ஒருவன் பிரவீனின் அம்மாவைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டான். பிரவீன் பாய்ந்தான். நான் ஓடிப் போவதற்குள் அன்வர் அவன் இடுப்பைப் பிடித்திருந்தான். மாவுக்கட்டு பிரித்து ஒரு மாதமே ஆன சரண், நல்ல கையால் அவன் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தான். "விடுங்கடா" என்று குழாயடி வரை கத்திக்கொண்டே போனான் பிரவீன். இருவரும் விடவில்லை.

முகம் கழுவிவிட்டு என்னிடம் வந்தான். மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"நான் எவ்ளோ திமிறினாலும் விடக்கூடாதுன்னு அவனுங்ககிட்ட சொல்லி வைங்க மிஸ்" என்றான்.