துரை எடுத்த வெற்றிலை

ஒரு மனிதரை நான் தெரிந்தே கெடுத்தேன். பொய் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டேன்.

மலைமேல் அணை வேலை நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. கப்பலுக்குக் காப்பிக்கொட்டை வாங்க வந்த ஒரு துரைக்கு நான் துபாஷி. மிஷன் பள்ளியில் கற்ற இங்கிலீஷ்தான் எனக்குச் சோறு போட்டது. பெரியகுளத்துக்கு மேலே மலைச்சரிவில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒருவரின் களத்துக்குத் துரையை அழைத்துப் போனேன். விலை ஒத்து வந்தது. தோட்டக்காரர் வெற்றிலைத் தட்டை இரு கையாலும் நீட்டினார். துரை ஒரு வெற்றிலையை எடுத்து முகர்ந்து பார்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"என்ன தம்பி, தொரை பையில போட்டுக்கிட்டாக? வீட்டம்மாவுக்குக் கொண்டு போறாகளோ?" என்று தோட்டக்காரர் சிரித்தார்.

அவருக்கு அதோடு வியாபாரம் முடிந்தது. எங்கள் பக்கம் தட்டிலிருந்து வெற்றிலை எடுத்தவர் வாக்குக் கொடுத்தவர். துரைக்கோ கையெழுத்து விழும்வரை எதுவும் முடிந்ததில்லை. "நல்ல உபசாரம். இன்னும் இரண்டு இடம் பார்க்கலாம்" என்றார் வழியில். இருவர் மனத்தையும் அறிந்தவன் நான் ஒருவன்தான். சொன்னால் எரிச்சல்படுவார், வேறு துபாஷியைத் தேடுவார் என்று பயந்து, சரி என்றேன்.

துரை வேறிடத்தில் வாங்கிக்கொண்டு போனார். தேடி வந்த போடி வியாபாரிகளை, "தொரை வெத்திலை எடுத்துட்டாகப்பா" என்று திருப்பி அனுப்பிவிட்டு, அவருடைய வண்டிக்காகக் காத்திருந்தார் தோட்டக்காரர். கோடை மழை இறங்கியது. மூட்டைகள் பூசணம் பூத்தன. தோட்டம் கைமாறியது.

ஆறு ஆண்டுகள் கழித்து அவர் வீடு தேடிப் போனேன்.

"தொரை வாக்கு மாறலைங்கய்யா. அவுகளுக்கு நம்ம வழக்கம் தெரியாது. தெரிஞ்சவன் நான்தான்."

மடியிலிருந்த வெற்றிலைப் பெட்டியை மூடி வைத்தார்.

"வெள்ளக்காரன் புத்தின்னு நெனச்சு ஆறிப்போயிருந்தேன். நம்ம ஆளுதானா?" என்றார்.

அடுத்த தையில் பண்ணைப்புரத்திலிருந்து அவர் மகளைப் பெண் கேட்டு வந்தார்கள். தட்டு மாற்றும் நேரத்தில் அவர் கையை நீட்டவில்லை. "மொதல்ல எழுதிக் கையெழுத்துப் போடுங்க" என்றாராம். மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விட்டார்கள்.

கேள்விப்பட்டதும் பண்ணைப்புரம் போய், அவரை அப்படிக் கேட்க வைத்தவன் நான்தான் என்று நடந்ததையெல்லாம் சொன்னேன். மாப்பிள்ளையின் தகப்பனார் பொறுமையாகக் கேட்டார்.

"சொல்லிட்டீகள்ல, போயிட்டு வாங்க" என்றார்.

அந்தப் பெண்ணுக்குக் கடைசிவரை கலியாணம் ஆகவில்லை.