செத்த கப்பலுக்குக் காவல்

கோம்பை கிராமத்துப் பிச்சைமணிக்கு மனிதரைக் கண்டால் ஆகாது. மனிதருக்கும் அவனைக் கண்டால் ஆகாது. கல்யாண வீட்டுக்குப் போனால் சாம்பாரில் உப்பில்லை என்பான். இழவு வீட்டுக்குப் போனால் பாடை கோணல் என்பான். இப்படிப்பட்டவனுக்கு நாய்தான் சொந்தம். நாய் பதில் பேசாது.

இருபது வருசம் மலைக்கு மேலே, கேரளத்து ஏலத்தோட்டத்தில் நாய்களை வைத்துக்கொண்டு காவல் கிடந்தான். அட்டை கடிக்கும், குளிர் காய்ச்சல் வரும், முதலாளி மலையாளத்தில் திட்டுவான், இவன் தமிழில் திட்டுவான். தோட்டம் கை மாறியபோது புது முதலாளி கம்பி வேலி போட்டுவிட்டு, போய் வா என்றான். பிச்சைமணி இறங்கி வந்தான். கூடவே செம்பியும் வந்தது. செவலை உடம்பு, அடுப்புக்கரி பூசியது போலக் கருத்த மூஞ்சி. அவன் கையால் வைத்தால் மட்டும் தின்னும். வேறு யார் பிரியாணியே வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அதைப் பழக்கியதில் ஒரு வஞ்சகமும் இருந்தது. பிச்சைமணியின் பெண்டாட்டி ஜக்கம்மாவுக்குப் பொன்னுராஜ் என்று ஒரு தம்பி. பிச்சைமணியின் மகள் மகாலட்சுமி பெரியவளானபோது தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டியவன் அவன். பந்தல் போட்டாயிற்று, மேளம் வந்தாயிற்று, ஊரே தெரு முனையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது, மாமனைக் காணோம். குஜராத்தில் கப்பல் உடைக்கிற இடத்தில் வேலை, வர முடியவில்லை என்று மூன்றாம் நாள் தகவல் வந்தது. அன்றைக்கே பிச்சைமணி சொல்லிவிட்டான்: “அவன் என் வாசல்ல கால வைக்கக் கூடாது. நானும் அவன் கைச் சோத்துல கை நனைக்க மாட்டேன்.”

சொன்னதோடு விடவில்லை. பொன்னுராஜ் எங்கே போனாலும் மரிக்கொழுந்து செண்ட் போட்டுக்கொண்டு போகிறவன். தெருவில் அவன் வருவது நாலு வீட்டுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். பிச்சைமணி அதே செண்ட்டில் ஒரு பாட்டில் வாங்கிவந்து, ஒரு துணியை நனைத்துக் கையில் சுற்றிக்கொண்டு, மிளகாய்ப்பொடி திணித்த கறித்துண்டைக் குட்டி செம்பிக்கு நீட்டினான். ஒரு மாதம் இதே வேலை. பிறகு அந்த வாசம் மூக்கில் பட்டாலே செம்பிக்கு முதுகு மயிர் சிலிர்த்துவிடும். தோட்டத்திலிருந்து வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதையும் கூட்டிவந்து, மைத்துனன் வாசல் பக்கம் வரட்டும், அப்புறம் இருக்கிறது அவனுக்கு என்று காத்திருந்தான். மைத்துனன் எட்டு வருசம் வரவே இல்லை.

இரண்டாயிரத்து நாலில் வந்தான். வாசலுக்கு வரவில்லை, பஸ் நிறுத்தத்து டீக்கடையில் நின்றுகொண்டு அக்காவுக்கு ஆள் விட்டான். ஏதோ ஒரு நாட்டுக் கப்பற்படை கழித்துவிட்ட போர்க்கப்பல் உடைபடப் போகிறதாம். இழுத்துவந்த கயிறு அறுந்து தூத்துக்குடிக்கு அப்பால் நிற்கிறதாம். திருடர்கள் படகில் வந்து பித்தளையைக் கழற்றிப் போகிறார்களாம். குஜராத் கரை சேரும்வரை காவலுக்கு ஒரு ஆளும், வேட்டைக்குப் பேர்போன கோம்பைச் சாதி நாய் ஒன்றும் வேண்டுமாம்.

“எத்தனையோ நாய் இருக்கு ஊர்ல. என் நாய்தான் வேணுமாமா அந்தத் தொரைக்கு?” என்றான் பிச்சைமணி.

“ரெண்டு வருசமா வீட்ல உக்காந்து என்னையப் பாத்துக் கொரைக்கிறீக. போயிக் கடலப் பாத்துக் கொரைங்க. எனக்கும் காது கொஞ்சம் ஆறும்” என்றாள் ஜக்கம்மா.

மைத்துனன் தன்னிடம் கெஞ்சி வந்திருக்கிறான் என்ற இறுமாப்பில்தான் பிச்சைமணி கிளம்பினான். செண்ட் சமாசாரத்தை யாரிடமும் சொல்லவில்லை.

தூத்துக்குடிக்குப் போய்ப் படகேறிக் கப்பலைப் பார்த்தான். மேலே தளம், ஊர் மந்தைவெளியைப் போல் நாலு மடங்கு, புல் பூண்டில்லாத இரும்பு மந்தை. ஒரு காலத்தில் அதன்மேல் விமானம் ஏறி இறங்குமாம். விமானத்தைக் கீழே இறக்கிவைக்க மலைக்குகை போல் ஒரு கிடங்கு. இப்போது எஞ்சின் இல்லை, விளக்கில்லை, பக்கவாட்டில் எழுதியிருந்த பேரைக்கூடச் சுரண்டிவிட்டுத்தான் விற்றிருந்தார்கள். ஒரு இழுவைக் கப்பல் அரை மைலுக்கு முன்னால் நின்று வடத்தில் இழுக்கும். இது பிணம் மாதிரிப் பின்னால் போகும். தண்ணீர் ஏறாமல் இறைத்துக்கொண்டிருக்க மேலே ஐந்து பேர். பொன்னுராஜ்தான் மேஸ்திரி. பம்ப் எஞ்சின் பார்க்க ஜெயமங்கலத்து சுரேஷ்கண்ணன். இரண்டு பேர் வடநாட்டார். ஐந்தாவது பிச்சைமணி.

கூடைக்குள் வைத்துச் செம்பியைத் தூக்கி மேலே விட்டதுமே அது மூக்கை நிமிர்த்திப் பொன்னுராஜைப் பார்த்து உறுமியது. அவன் நாலடி பின்னால் போனான்.

“சுரேசு, அந்த ஆளுகிட்டச் சொல்லு. நாய் இங்கன ஆரையாச்சும் கடிச்சிச்சு, நேரா கடல்லதான். எனக்கு மேல உள்ளவுக அப்பிடித்தான் சொல்லி அனுப்பிருக்காக.”

“சுரேசு, நீ அந்த ஆளுகிட்டச் சொல்லு. என் நாய் மனுசனத்தான் கடிக்கும். அவரு பயப்பட வேண்டியதில்ல.”

“ஏண்ணே, ரெண்டு பேரும் கைக்கெட்டுற தூரத்துல நிக்கிறீக. நான் எதுக்கு நடுவுல தபால்காரனாட்டம்?” என்றான் சுரேஷ்கண்ணன். அவனை இருவரும் முறைத்தார்கள். அன்றிலிருந்து அவனுக்குப் பம்ப் வேலை பாதி, தபால் வேலை பாதி.

பிச்சைமணிக்கு உள்ளே பயம்தான். நாய் கடித்தால் கடல், அது கடிக்கிற வாசமோ அந்த மேஸ்திரி மேல் இருக்கிறது. செம்பியை உயிரோடு கோம்பைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமே என்று பகலெல்லாம் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டே திரிந்தான். செண்ட்டை நிறுத்து என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. சொன்னால் பழக்கியது யார் என்ற கதை வெளியே வரும். வீம்பு பிடித்தவனுக்கு வாய் இருந்தும் ஊமைதான்.

கப்பல் நகர்ந்தது. மாட்டுவண்டி முந்திவிடும் அதை. கன்னியாகுமரியைச் சுற்றிவர நாலு நாள். மேற்குக் கரையில் ஒரு மத்தியானம் மூன்று படகுகள் பக்கத்தில் ஒட்டிவந்தன. செம்பி தளத்தின் ஓரமாக ஓடி ஓடிக் குரைத்தது. ஒன்று குரைத்தால் கீழே இருந்த வெற்றுக் கிடங்கு பத்தாகத் திருப்பிக் கொடுத்தது. மேலே ஒரு நாய்க்கூட்டமே நிற்கிறது என்று நினைத்துப் படகுக்காரர்கள் திரும்பிவிட்டார்கள். பொன்னுராஜ் பார்த்துக்கொண்டு நின்றான். பிச்சைமணி தனக்கும் நாய்க்கும் தனி அடுப்பில் கஞ்சி காய்ச்சிக்கொண்டான். மேஸ்திரியின் உப்பு அவன் நாக்கில் படக் கூடாதாம்.

பன்னிரண்டாம் நாள் மலைக்காய்ச்சல் அவனைத் தூக்கிப் போட்டது. தோட்டத்தில் வாங்கிய பழைய காய்ச்சல்தான், வருசத்துக்கு ஒரு தரம் எட்டிப் பார்ப்பது. ஒரு சின்ன இரும்பறைக்குள் சாக்கை விரித்துப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. செம்பி வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டது. சுரேஷ்கண்ணன் மாத்திரை கொண்டுவந்தான், பல்லைக் காட்டியது. வடநாட்டான் தண்ணீர் கொண்டுவந்தான், செம்பைப் போட்டுவிட்டு ஓடினான். வெளியே கடல் கொந்தளிப்பு. இழுவைக் கப்பலிலிருந்து படகு இறக்க முடியாது என்று கம்பியில்லாப் பெட்டியில் சொல்லிவிட்டார்கள். உள்ளே ஆள் பிதற்றுகிறான், யாரும் கிட்டே போக முடியவில்லை. ஒரு பகல், ஒரு இரவு, இன்னும் அரைப்பகல். யார் கையும் தீண்டாத நாயை வளர்த்தேன் என்று ஊரெல்லாம் பீற்றியவன், அந்தப் பெருமைக்குள்ளேயே தண்ணீர் இல்லாமல் வெந்துகொண்டு கிடந்தான்.

கடைசியில் பொன்னுராஜ் ஒரு கிண்ணத்தில் கஞ்சியை எடுத்துக்கொண்டு வந்தான். பாசத்தில் வரவில்லை. ஆள் செத்தால் அக்காவுக்கு யார் பதில் சொல்வது? வாசலில் ஒரு கால்தான் வைத்தான். செம்பி குரைக்கக்கூட இல்லை. முழங்கைக்குக் கீழே கவ்வியது. கிண்ணம் உருண்டது. அவன் அலறலில் பிச்சைமணிக்கே கண் திறந்துவிட்டது.

கையை உதறி மீட்டுக்கொண்ட பொன்னுராஜ் ஒரு கடப்பாரையோடு திரும்பி வந்தான். ரத்தம் சொட்டியது.

“சுரேசு, அந்த ஆளுகிட்டச் சொல்லு. மொதல்ல மண்டையப் பொளக்கேன், பொறகு கடல்ல வீசுறேன்.”

பிச்சைமணி சுவரைப் பிடித்துத் தலையைத் தூக்கினான். எட்டு வருசத்துக்குப் பிறகு நேராகப் பேசினான்.

“அடிடா. நல்லா அடி. கடிச்ச நாய் பத்து நாள் உசுரோட இருந்தாத்தான் அதுக்கு வெறி இல்லைன்னு அர்த்தம். இப்பக் கொன்னுட்டா உனக்கு எப்பிடித் தெரியும்? ஊசி போட ஆசுபத்திரி இருக்கா இங்கன? நாயாட்டம் கொரைச்சுக் கொரைச்சுச் சாவு. நான் கேட்டுக்கிட்டே சாவுறேன்.”

கடப்பாரை அப்படியே நின்றது. பொன்னுராஜ் சுரேஷ்கண்ணனைப் பார்த்தான்.

“நெசந்தாண்ணே. எங்க ஊர் நர்சம்மாவும் அப்பிடித்தான் சொல்லுவாக. நாயப் பத்து நாளு பாக்கணும்னு” என்றான் அவன்.

பொன்னுராஜ் கடப்பாரையைக் கீழே வைத்தான். சோப்பு போட்டுக் காயத்தைக் கழுவினான், திரும்பத் திரும்பக் கழுவினான். பிறகு தூரத்தில் நின்று கேட்டான்.

“அப்பிடி என்னய்யா பண்ணேன் உன் நாய்க்கு? ஏறுன நாள்லருந்து என்னையவே பாத்து உறுமுதே.”

“அதுக்கு உன்னையத் தெரியாது. உன் மரிக்கொழுந்து செண்ட்டத்தான் தெரியும். நாந்தான் மொளகாப்பொடி வச்சுப் பழக்குனேன்.”

“எனக்காகவா?”

“உன் ஒருத்தனுக்காகத்தான்.”

“அட பாவி மச்சான்! ஒரு சீரு வரலன்னா?”

“மேளம் அடிச்சு, ஊருக்குப் பதில் சொல்ல வாயில்லாம நின்னோம்டா நாங்க! ஏன்டா வரல?”

“கப்பல் கரையேறுற நாளு. லீவு கேட்டா வேலைய விட்டுத் தூக்கிருவேன்னாக.”

“கப்பலாடா உனக்கு அக்கா மக?”

பொன்னுராஜ் சட்டையைக் கழற்றி வீசினான். வாளியில் கடல்தண்ணீர் மொண்டு தலையிலிருந்து கால்வரை சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்தான். பிச்சைமணி உள்ளேயிருந்து வீசிய அழுக்குச் சட்டையையும் கைலியையும் உடுத்திக்கொண்டான். நாலு நாள் வேர்வை, நாய் வாடை. புதிய கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்தவாக்கில் நகர்ந்து நகர்ந்து வந்தான். செம்பி மோந்தது. ஆள் வேறு, வாசம் எசமானுடையது. குழம்பிப் போய்ப் பிச்சைமணியைத் திரும்பிப் பார்த்தது. அவன் அதன் காதைப் பிடித்துக்கொண்டு, “விடு” என்றான். விட்டது.

கிண்ணம் வாய்க்கு நேரே வந்தது. பிச்சைமணி வாயை இறுக்கிக்கொண்டான்.

“குடிய்யா.”

“உன் கையாலயா? செத்தாலும் மாட்டேன்.”

“நீ செத்துப்போ, எனக்கென்ன வந்துச்சு? உன் நாய் வேற ஆரு வச்சாலும் திங்காது. நீ செத்தா அது பட்டினி கெடந்து நாலாம் நாள் சாகும். அது செத்தா என் கதி தெரியாது. குடிச்சுத் தொலை!”

பிச்சைமணி செம்பியைப் பார்த்தான். இரண்டு நாளாக அதுவும் ஒன்றும் தின்னவில்லை, விலா எலும்பு எண்ணுகிற மாதிரித் தெரிந்தது. வாயைத் திறந்தான். பொன்னுராஜின் கஞ்சியை, பொன்னுராஜின் கையால், மடக்கு மடக்காகக் குடித்தான். மாத்திரையையும் முழுங்கினான். பிறகு மிச்சக் கஞ்சியில் தன் விரலை விட்டுப் பிசைந்து செம்பிக்கு வைத்தான். மேஸ்திரியும் காவல்காரனும் அது நக்கி முடிக்கிறவரை மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கை நனைச்சுட்ட” என்றான் பொன்னுராஜ்.

“மயக்கத்துல குடிச்சது செல்லாது.”

பதினெட்டாம் நாள், பௌர்ணமிக் கடல்பெருக்கில், கப்பலைக் கரையில் ஏற்றினார்கள். அடிவயிறு சேற்றில் இழுபடுகிற சத்தம் அவர்கள் இறங்கி நின்ற படகுவரை கேட்டது. அது ஓய்ந்ததும் அவ்வளவு பெரிய இரும்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தாற்போல உட்கார்ந்துவிட்டது. அதற்காக யாரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பொன்னுராஜ் நேரே ஆசுபத்திரிக்கு ஓடினான். டாக்டர் ஊசியைப் போட்டு, இவ்வளவு நாள் எங்கே போனாய் என்று திட்டிவிட்டு, நாய் உயிரோடு இருக்கிறதா, பத்து நாள் முடிகிறவரை விடாமல் பார் என்றார். கம்பியில்லாப் பெட்டியில் மேலே உள்ளவர்கள் காயத்தைப் பற்றிக் கேட்டதற்குத் துருப்பிடித்த இரும்பு கிழித்துவிட்டது என்று முன்னமேயே சொல்லிவிட்டான். நாய் கடித்தது என்று சொன்னால் கடலில் போடு என்பார்களே.

கரையில் கூலியாட்களின் தகரக் கொட்டகையில் மூன்று பேரும் தங்கினார்கள். மூன்றாவது ஆள் செம்பி. விடிந்தால் பொன்னுராஜ் பல்லுக்கூடத் துலக்காமல் அதன் முன்னால் போய்க் குந்துவான். எச்சில் வடிகிறதா, தண்ணீர் குடிக்கிறதா, கண் எப்படி இருக்கிறது என்று பார்ப்பான். அது கொட்டாவி விட்டாலும் இவனுக்குப் பக்கென்கும். ஒரு நாள் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டது.

“என்னய்யா, சரியாத் திங்கல? கறி வாங்கியாறவா?”

“வாங்கியா. எலும்பில்லாம வாங்கு” என்றான் பிச்சைமணி, சாய்ந்து படுத்தபடி.

பக்கத்தில் கப்பலை வெட்டத் தொடங்கியிருந்தார்கள். முன்பக்கம் பாளம் பாளமாகச் சேற்றில் விழுந்தது. விழும்போதெல்லாம் தகரக் கொட்டகை அதிர்ந்தது. செம்பி குரைத்தது, நாய் குரைக்கிறதே என்று பொன்னுராஜ் சந்தோசப்பட்டான்.

கடித்த பதினோராம் நாள் காலையில் செம்பி எழுந்து உடம்பை உதறி, வாசலில் ஒன்றுக்குப் போய்விட்டு வந்து தட்டைப் பார்த்தது. பொன்னுராஜ் அதைத் தலையிலிருந்து வால்வரை பார்த்தான். பிறகு வாய்க்கு வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லி அதைத் திட்டினான், பத்து நாள் அடக்கிவைத்தது அத்தனையும். பிச்சைமணி அவனைத் திட்டினான். சத்தம் கேட்டு அடுத்த கொட்டகைக்காரர்கள் வந்து விலக்கிவிட்டார்கள்.

கப்பலிலிருந்து கழற்றிய சாமான் ஏற்றிக்கொண்டு மதுரைப் பக்கம் போகிற லாரி ஒன்று நின்றது. பிச்சைமணி செம்பியைத் தூக்கி மேலே விட்டு, தானும் ஏறிக்கொண்டான். பொன்னுராஜ் கட்டுப்போட்ட கையோடு கீழே நின்றான்.

“அக்காவக் கேட்டேன்னு சொல்லு.”

“நீயே வந்து சொல்லு” என்றான் பிச்சைமணி. லாரி கிளம்பிவிட்டது.