ஐந்தாம் நம்பர் செருப்பு

அக்காவின் காலுக்கு எட்டாம் நம்பர். அவள் வீட்டு உள்ளறையில் குவிந்து கிடந்ததோ அத்தனையும் ஐந்தாம் நம்பர். செருப்புக்கடையில் முப்பத்தொரு வருஷம் ஊரார் பாதத்தையெல்லாம் அளந்தவளுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்துதான் வாங்கினாள், அதுதான் கொடுமை.

கடையில் அவளுக்கு 'அஞ்சாம் நம்பர் அக்கா' என்றே பட்டப்பெயர். பழைய சரக்கைத் தள்ளுபடிக்கு ஒதுக்கும் நாளில் சின்ன அளவுகள் தங்கிப்போகும். ஒரு ஜோடி தனியாகக் கிடந்தால் போதும், அவளுக்கு இருப்புக் கொள்ளாது. யாராவது அதைக் கையில் எடுத்துவிட்டால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பும்போது அப்படியொரு நிம்மதி. அது பஸ் ஸ்டாப் வரைக்கும்கூடத் தாங்காது. வீட்டுக்கு வருவதற்குள் தன்னையே திட்டித் தீர்த்து, பெட்டியை உள்ளறையில் தள்ளிக் கதவைச் சாத்துவாள். இதுதான் கடைசி என்பாள். எத்தனை கடைசியைத்தான் அந்த அறை தாங்கும், பாவம்!

எல்லாம் தங்கச்சிக்காக. சின்ன வயதில் புதுச்செருப்பு அக்காவுக்குத்தான். தேய்ந்த பிறகே தங்கச்சிக்கு. குதிகாலில் கயிறு கட்டிக்கொண்டு, சரக் சரக்கென்று இழுத்தபடி பள்ளிக்கூடம் வருவாள் அந்தக் குட்டி. ஒருநாள் வழியில் கேட்டாள், "எனக்குன்னு புதுசா எப்பக்கா வாங்குவாங்க?" தான் சம்பாதித்து வாங்கித் தருவதாக அக்கா சொன்னாள். கை கோத்து நடந்த அந்தத் தெருவை இன்றைக்கும் அவள் மறக்கவில்லை.

அக்காவுக்கு வேலை கிடைப்பதற்குள் தங்கச்சி கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். முதல் சம்பளத்தில் தங்கச்சி அளவான ஐந்தாம் நம்பரில் சிவப்பு வார் வைத்த ஜோடி ஒன்றை வாங்கிக்கொண்டு அக்கா போனாள். வாசலில் விதவிதமாய் எட்டு ஜோடி அடுக்கியிருந்தது. பையைத் திறக்காமலே திரும்பி வந்தாள். அன்றைக்குப் பிடித்த பித்து இது.

இப்போது தங்கச்சிக்கு முழங்காலில் ஆபரேஷன். புருஷனும் இல்லை. அக்கா வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. கட்டில் போட உள்ளறையை விட்டால் இடமில்லை, அவள் பிடித்து நடக்கும் ஸ்டாண்டு எதிலும் இடிக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "உனக்கு இடைஞ்சல்னா சொல்லுக்கா, நான் முதியோர் ஹோம்லயே இருந்துக்கறேன்" என்றாள் தங்கச்சி போனில். அக்கா பதறிப்போனாள். இந்த வயதில் அவளை யாரோ பார்த்துக்கொள்வதா?

அறையைக் காலி செய்ய மூன்று நாள் சாக்கும் கையுமாக நின்றாள். காலையில் கட்டியதைச் சாயங்காலம் அவிழ்த்தாள். கடையில் கூட வேலை செய்பவளிடம் கொடுத்த சாக்கையும் ஆட்டோ வைத்துத் திரும்பக் கொண்டுவந்தாள். தங்கச்சி வந்து இறங்கியபோது அறை அப்படியேதான் இருந்தது.

ஸ்டாண்டைப் பிடித்தபடி கதவருகே நின்று பார்த்தாள் தங்கச்சி. "இதெல்லாம் யாருக்குக்கா?"

"உனக்குத்தான்டி."

அவ்வளவுதான், கயிறு கட்டிய செருப்பிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் அக்கா சொல்லிக் கொட்டிவிட்டாள். கேட்டுவிட்டுத் தங்கச்சி நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினாள். அக்கா கடையில் உட்காருவதுபோலவே தரையில் உட்கார்ந்து, அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டு சிவப்பு வாரை மாட்டினாள். விரல்களுக்கு மேல் ஏறவில்லை. அடுத்ததும் ஏறவில்லை, அதற்கடுத்ததும். வயதாலும் சர்க்கரையாலும் கால் எப்போதோ பெருத்துவிட்டிருந்தது. ஒருத்தர் நடந்து வருவதைப் பார்த்தே நம்பர் சொல்லுகிறவள், தன் தங்கச்சி காலை மட்டும் பார்க்கத் தவறியிருந்தாள்.

"போதும்க்கா" என்றாள் தங்கச்சி. "உன்னோடதக் குடு."

வாசலில் கிடந்த, குதி தேய்ந்த எட்டாம் நம்பர் செருப்பு. கச்சிதமாகப் பொருந்தியது. "பாத்தியா, எனக்கு எப்பவும் உன் பழசுதான்" என்று தங்கச்சி சிரித்தாள். அக்கா சிரிக்கப் பார்த்தாள், அழுகைதான் வந்தது.

தங்கச்சி எழுந்து ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நடந்து பழகினாள். சரக், சரக். அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே அக்கா பெட்டிகளைச் சாக்கில் போட ஆரம்பித்தாள். சிவப்பு வாரையும் போட்டாள்.